உதவி: ஜீனத்

பேகம்பூர், திண்டுக்கல்
12 ஜூன் 2025

அன்புள்ள சுகன்யா,

சுகமாக இருக்கிறாயா? உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி தேவலையா? இங்கே அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் நலம். மாமிக்கு மட்டும் முழங்கால். அந்த முழங்காலுக்கு இந்த வீட்டில் என்னைவிட மரியாதை அதிகம்.

படம் முடிந்தது. ஏப்ரலில் எரியோட்டுத் திருவிழாவுக்கு வந்தபோது நீ கோடு போட்டுக் கொடுத்த துணியில் இப்போது ஓர் அங்குலம்கூட வெறுமையாக இல்லை. நேற்று என் வீட்டுக்காரர் ஹஸ்ஸான் அதைச் சுருட்டி, தன் தோல் கடையிலிருந்த நல்ல ஆட்டுத்தோலைச் சுற்றி, ஒட்டன்சத்திரம் கொண்டுபோய் உங்கள் மண்டிக்கு வரும் முருங்கைக்காய் லாரியில் ஏற்றிவிட்டார்.

கல்லூரி நூலகத்தில் நாம் பார்த்துப் பார்த்து ஓரம் கிழித்த ஓவியப் புத்தகப் பக்கம் நினைவிருக்கிறதா? அந்த சுவிஸ்காரி 1782இல் வரைந்தது. யாழோடு ஒருத்தி, அவள் பெயர் கவிதை. வரைபலகையோடு ஒருத்தி, அவள் பெயர் ஓவியம். கவிதை தோளில் கைபோட்டுச் சொல்கிறாள், ஓவியம் கேட்கிறாள். நம் படத்தில் அந்தத் தூண்கள் போய் ஆத்தூர் அணைக்கரைக் கருவேலமரம் வந்துவிட்டது. வரைபலகைக்குப் பதில் பரீட்சை அட்டை. யாழுக்குப் பதில் ஹாஸ்டலில் நீ தாளம் போட்ட டிபன் டப்பா. அதன் பளபளப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வழக்கம்போல இருவருக்கும் கண் இல்லை. உயிருள்ளதற்குக் கண் வைப்பதில்லை என்பது என் மனசுக்கு நானே போட்டுக்கொண்ட கட்டு. பதினைந்து வருஷமாக அந்த வேலை உன்னுடையது. கண் திறக்காத படத்தில் கையெழுத்து இல்லை என்பதும் நம் வழக்கம். அதனால் நான் கையெழுத்துப் போடாமல்தான் அனுப்பியிருக்கிறேன். கண்ணைத் திறந்துவிட்டு மூலையில் இரண்டு பெயரையும் நீயே எழுது. முகம் யார் சாயலிலும் இருக்க வேண்டாம், பேசியபடி.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் வேலையைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிறோம். படத்துக்குக் கடிதம்தான் சரி.

என்றும் உன்
ஜீனத்


எர்ணாகுளம்
24 ஜூன் 2025

பிரியமுள்ள ஜீனத்,

நான் நலம். மாமியின் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல். இவருக்கு முதுகுவலி போய்க் கழுத்துவலி வந்திருக்கிறது.

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. லாரி டிரைவர் தோல் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, உள்ள என்னங்க, மத்தளமுங்களா?" என்று கேட்டாராம். விரித்ததும் டிபன் டப்பாவைத்தான் தொட்டுப் பார்த்தேன். அந்த டப்பாவில் அணைத் தண்ணீர் மின்னுகிறதே, அடி, எப்படிப் போட்டாய்?

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கைக் காட்சிக்கூடமாக்கி வைத்திருக்கும் ரீனாவைப் பற்றி முன்பே எழுதினேன். ஐரோப்பாவின் பழைய படங்களில் தோழிகளாக வரும் பெண்களை இந்தக் காலத்துப் பெண்கள் மறுபடி வரையவேண்டும், அதுதான் அவள் நடத்தும் கண்காட்சி. நம் படத்தைப் பார்த்துவிட்டு நடுச்சுவர் இதற்குத்தான் என்றாள். செப்டம்பர் ஏழாம் தேதி திறப்பு. கல்யாணமாகி வந்த நாள்முதல் இந்த ஊரில் நான் "காய்கறி மண்டிக்காரர் வீட்டு அம்மா". முதல்முறையாக ஒருத்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

பெயர் விஷயமாக ரீனா ஏதோ விதி சொல்கிறாள். அது ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். ஹஸ்ஸான் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
சுகன்யா


பேகம்பூர்
2 ஜூலை 2025

அன்புள்ள சுகன்யா,

சிவபிரகாஷ் அண்ணன் கழுத்துக்கு நல்லெண்ணெயைச் சூடுகாட்டித் தடவு. இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. மற்றபடி குறையில்லை.

நடுச்சுவர் என்றதும் எனக்கு ரொட்டி தீய்ந்துபோனது. மாமியிடம் சொன்னேன். "ஏத்தா, கண்ணில்லாத ரெண்டு பொம்பளைய மாடியில நிப்பாட்டி வச்சிருந்தியே, அதுக்கா இம்புட்டுப் பவுசு?" என்று கேட்டார். பிறகு பக்கத்து வீட்டில் போய் அவரே பெருமை பேசிவிட்டு வந்தார். இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து, "மாடியில அப்படி என்னதான் பண்ணுற?" என்று கேட்காத சொந்தம் இல்லை. இந்தமுறை என் பெயரைக் காட்டிப் பதில் சொல்வேன்.

அதனால் கேட்கிறேன், பெயர் விஷயத்தில் என்ன விதி? நீ பார்த்துக்கொள்வாய், சரி. எதைப் பார்த்துக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியவேண்டாமா?

அக்கா தங்கைகள் சதுரங்கம் ஆடும் அந்த இத்தாலியப் படத்தை நினைத்துக்கொண்டேன். தங்கைகள் மூன்று பேர் படத்தில் இருக்கிறார்கள். வரைந்த அக்கா மட்டும் இல்லை. ஆனால் சதுரங்கப் பலகையின் விளிம்பில் பொடி எழுத்தில் தன் பெயரை எழுதிவைத்துவிட்டாள். நானூற்றுச் சொச்சம் வருஷம் ஆகியும் அந்தப் பெயரை யாராலும் அழிக்க முடியவில்லை. விவரமானவள்.

பதில் உடனே போடு.

ஜீனத்


எர்ணாகுளம்
25 ஜூலை 2025

அன்புள்ள ஜீனத்,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே மழை கொட்டுகிறது. மண்டியில் தக்காளி அழுகி, இவர் முகமும் அதே நிறத்தில் இருக்கிறது. எனக்கு நாலு நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. எரியோட்டில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

படத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டாயிற்று. சுவர் ஈரம் ஏறாமல் பின்னால் தக்கை வைத்திருக்கிறோம். கருவேலமரத்து நிழலில் நீ வைத்த ஊதா, மழை வெளிச்சத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது. ரீனா கிடங்கின் ஓடுகளையெல்லாம் மாற்றிவிட்டாள்.

பரீட்சை அட்டை வைத்திருப்பவளுக்குக் கண் திறந்துவிட்டேன். டப்பாக்காரிக்கு இன்னும் இல்லை. கை வரமாட்டேன் என்கிறது.

மாமியிடம் நலம் விசாரித்ததாகச் சொல்.

சுகன்யா


பேகம்பூர்
31 ஜூலை 2025

சுகன்யாவுக்கு,

காய்ச்சல் விட்டது அறிந்து நிம்மதி. அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கத்திரிச்செடிக்குக் களை எடுக்கிறார்கள், திட்டிவிட்டு வந்தேன்.

உன் கடிதத்தில் தக்காளி இருக்கிறது, தக்கை இருக்கிறது, ஓடு இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். நேற்று போன் செய்தேன். "மழைடி, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிட்டாய். எனக்கு மழைச்சத்தம் கேட்கவில்லை. பின்னால் குக்கர் விசில்தான் கேட்டது.

இரண்டு பெயரையும் எழுதினாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. அதற்கு ஒரு கார்டு போதும்.

ஜீனத்


பேகம்பூர்
17 ஆகஸ்ட் 2025

சுகன்யா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

கார்டு வரவில்லை. அழைப்பிதழ்தான் வந்தது, அதுவும் உன்னிடமிருந்து இல்லை. என் நாத்தனார் மகள் அஃப்சானாவின் போனில். காலேஜ் விட்டு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. "மாமி, இது நீங்கதானே? இந்த அட்டைய வச்சிருக்கறது நீங்கதானே?" என்று மூச்சு வாங்க நிற்கிறாள். பார்த்தேன். என் கண். இடது இமையில் இருக்கும் தழும்புகூட. யார் சாயலும் வேண்டாம் என்று பேசிய பிறகு, என்னைக் கேட்காமல், என் முகத்தை ஊர் பார்க்க வைத்துவிட்டாய். பொழுது சாய்வதற்குள் பேகம்பூரே பார்த்துவிட்டது. கறிக்கடையில் இவரிடம், "என்ன பாய், வீட்டுல படத்துல நடிக்கிறாங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். ஓவியர், சுகன்யா. அதற்குக் கீழே பொடி எழுத்தில், உதவி, ஜீனத்.

உதவியா? கல்யாண வீட்டில் வெஞ்சனத்துக்குக் காய் அரிந்து கொடுப்பவள் செய்வது உதவி. ஏணி பிடித்துக்கொள்பவன் செய்வது உதவி. கோடு உன்னுடையது, கண் உன்னுடையது, நான் மறுக்கவில்லை. அந்தக் கோட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் யாருடையது? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறாய்.

இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். போனை ரொம்ப நேரம் பார்த்தார். "மூஞ்சி நல்லாத்தான் வந்திருக்கு. பேரைத்தான் காணோம்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தோழிகளைப் பற்றிய கண்காட்சியாம்!

ஜீனத்


எர்ணாகுளம்
22 ஆகஸ்ட் 2025

ஜீனத்,

நீ நலமாக இல்லை என்று எழுதியதைப் படித்ததிலிருந்து நானும் இல்லை.

ரீனாவின் விதி இதுதான், ஒரு படத்துக்கு ஒரு பெயர். இரண்டு பேர் வரைந்ததென்றால் வாங்குகிறவர்கள் யோசிப்பார்களாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை முழுக்கச் சண்டை போட்டேன். கடைசியில், "எங்கில் படம் எடுத்துக்கொண்டு போய்க்கோ" என்று பாதி மலையாளத்தில் சொல்லிவிட்டாள். எடுத்துக்கொண்டு வந்திருக்கவேண்டும். கைவைத்தேன், சட்டத்தைத் தூக்கினேன். வாசல்வரை போனேன். என்னால் முடியவில்லை. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே சுவர் அது. உனக்கு மாடியறை இருக்கிறது, சண்டைபோடவாவது சொந்தங்கள் இருக்கிறார்கள். எனக்கு வெங்காய மூட்டையும் பாஷை புரியாத அக்கம்பக்கமும்தான். நான் ஆசைப்பட்டேன். இதற்குமேல் அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

"உதவி" என்றாவது போடு என்று கெஞ்சி வாங்கினேன். அதைப் பெரிய வெற்றி என்று நினைத்தேன் பார், அந்தப் புத்தியை என்ன சொல்ல?

முகத்தைப் பற்றி மட்டும் என்னைத் திட்டாதே. அந்த சுவிஸ்காரி ஓவியம் என்ற பெண்ணுக்கு யார் முகத்தை வைத்தாள்? தன் முகத்தை. பென்சில் பிடித்திருப்பவள்தான் வரைந்தவள், விஷயம் தெரிந்தவர்களுக்கு அது புரியும். உன் பெயரைப் போட விடவில்லை. அதனால் உன் கண்ணைப் போட்டேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை.

டப்பாக்காரிக்கு என் கண்ணை வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவள் உன்னைப் பார்க்கவேண்டும். என்னால் பார்க்க வைக்க முடியவில்லை. கண்ணில்லாமல்தான் நிற்கிறாள். அழைப்பிதழில் உன்னை மட்டும் வெட்டிப் போட்டதும் அதனால்தான். திறப்புக்குள் முடி என்று ரீனா நச்சரிக்கிறாள். நான் மாட்டேன்.

சுகன்யா


பேகம்பூர்
28 ஆகஸ்ட் 2025

சுகன்யா,

உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் வேறு, காய்ச்சல் வேறு.

நீ ஆசைப்பட்டதை எழுதினாய். நானும் ஆசைப்பட்டேன், அதே சுவருக்கு. ஒரே ஆசைக்கு இரண்டு பேர் இருக்கும்போது, அங்கே பக்கத்தில் நின்றவள் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

திறப்புக்கு முதல்நாள் வருகிறேன். இவரும் கூட வருகிறார். அந்தப் படத்தில் நான் ஒரு வேலை செய்யவேண்டும். முடிந்ததும் அதை வைத்துக்கொள்வதும், கழற்றி முருங்கைக்காய் லாரியில் திருப்பி அனுப்புவதும் உங்கள் இஷ்டம். ரீனாவிடம் சொல்லிவிடு. என் ஊதாவும் பழுப்பும் நான் கொண்டுவருவேன்.

பேருந்து நிலையத்துக்கு வராதே. வழி கேட்டு வந்துகொள்வேன்.

ஜீனத்


எர்ணாகுளம்
2 செப்டம்பர் 2025

ஜீனத்,

இங்கே எல்லோரும் நலம்.

சொல்லிவிட்டேன். டப்பாக்காரியின் கண்ணை முடிக்கத்தான் நீ வருகிறாய் என்று ரீனா நினைத்துக்கொண்டு, "வரட்டே, வரட்டே" என்கிறாள். கண் வைப்பதில்லை என்ற உன் கட்டு அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்கும் தெரியவில்லை. கத்தியோடு வருவதுபோல் கனவு கண்டேன். இவரிடம் சொன்னால், "கிழிச்சாலும் அவங்க பாதி அவங்க கிழிக்கட்டும். நீ பேசாம இரு" என்கிறார்.

ஊருக்குள் வந்தால் சாப்பிடாமல் போகக்கூடாது. சாதம் வைத்திருப்பேன்.

சுகன்யா


பேகம்பூர்
13 செப்டம்பர் 2025

சுகன்யா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். சாப்பிடாமல் வந்ததற்கு இவர் வழியெல்லாம் புலம்பினார். "கோவம் உனக்கு, பசி எனக்கா?" என்று பாலக்காடு வரை ஒரே பாட்டு.

நீ கிடங்கின் கதவோரம் நின்றதைப் பார்த்தேன். கிட்ட வருவாய் என்று நினைத்தேன். நீயோ நான் கூப்பிடுவேன் என்று நினைத்திருப்பாய். நான் கூப்பிடவில்லை.

டப்பாக்காரியின் முகத்துக்கு முன்னால் தூரிகையோடு நின்றேன். கண் வைக்க நான் வரவில்லை, அதில் மாற்றமில்லை. இமையை மட்டும் வரைந்தேன். இறக்கிய இமை, கீழே கொஞ்சம் நிழல். தாளம் போடும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாய், அது எனக்குப் பார்க்காமலே வரும். ரீனாவுக்குப் பிடித்துவிட்டது. "கவிதையில் லயிச்சுப் போயி" என்றாள். அப்படியே இருக்கட்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்று நமக்குத் தெரியும்.

பரீட்சை அட்டையின் ஓரத்தில் பழுப்பு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அதையும் தொட்டுவிட்டேன்.

திறப்பு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. நீ எழுதினால் படிப்பேன்.

ஜீனத்


எர்ணாகுளம்
25 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜீனத்,

மாமிக்கு முழங்கால் தேவலையா? ஹஸ்ஸான் அண்ணனுக்கு என் கையால் ஒருவேளைச் சோறு பாக்கி, மறக்கவில்லை.

திறப்பன்று கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சட்டத்தைத் துடைக்கப் போனபோதுதான் பரீட்சை அட்டையின் ஓரத்தைப் பார்த்தேன். உதிர்ந்த பழுப்பாம்! பொடி எழுத்தில், நல்ல தமிழில், சதுரங்கம் வரைந்த இத்தாலிக்காரி எழுதிய மாதிரியே எழுதிவைத்திருக்கிறாய். ஓவியர், ஜீனத். உதவி, சுகன்யா.

ரீனாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஏதோ பூவேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். நகத்தை வைத்தேன். உதவி என்ற சொல் எப்படித் தைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ ஆகஸ்டில் எழுதிய கடிதம் அதுவரை எனக்குச் சரியாகப் புரியவில்லை. கிடங்குக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுமுடித்துச் சிரிப்பும் வந்தது, பாவி.

சுரண்டவில்லை. ரீனாவிடம் போய் அதைப் படித்துக் காட்டினேன். கோபப்பட்டாள். படத்துக்குக் கீழே இருக்கும் பெயர்ச்சீட்டில் இரண்டு பெயரையும் ஓவியர் என்று போடு, இல்லையென்றால் லாரி கிளம்புகிறது என்றேன். இந்தமுறை சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி, லாரியோடு வந்த மண்டிப் பையன்கள் வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றேன். அவளே பின்னால் ஓடிவந்தாள். புதுப் பெயர்ச்சீட்டைத் திங்கட்கிழமை மாட்டினார்கள். உன் பெயர் முதலில்.

ஓரத்தில் நீ எழுதியதை யாரும் தொடவில்லை, அது அப்படியே இருக்கும். அடுத்த துணியை லாரியில் அனுப்பாதே. நான் வருகிறேன். கோடு போடும்போதும் நீ பக்கத்தில் இரு, கண் திறக்கும்போதும் இரு.

நேற்று பழனிப் பக்கத்து அம்மா ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவைத்துக்கொண்டு படத்தின் முன்னால் குனிந்து நின்றார். பரீட்சை அட்டையின் ஓரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, உதவி சுகன்யான்னு போட்டிருக்குதுங்களே, யாருங்க அது?"

"நான்தானுங்க" என்றேன்.

உன்
சுகன்யா